விட்டு வந்த விலாசம்

பாரிஸ் நகரத்தில் ஸேன் நதியின் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் அன்னத் தீவின் முனையில், கிரெனெல் பாலத்தை ஒட்டி, தீபம் ஏந்திய சுதந்திர தேவியின் சிறிய சிலை ஒன்று நிற்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் விளங்கும் பெரிய சிலையைப் பிரெஞ்சு மக்கள் அமெரிக்காவுக்கு வழங்கினார்கள் என்பது எல்லாரும் அறிந்த சரித்திரம். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1889-ஆம் வருஷத்தில் இந்தச் சிறிய சிலையைப் பாரிஸ் நகரத்துக்குக் காணிக்கையாக அளித்தவர்கள், அந்நகரத்திலேயே குடியிருந்த அமெரிக்கர்கள் என்பதைச் சிலர்தாம் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேவியின் கையிலுள்ள பலகையில் 1776 ஜூலை 4, 1789 ஜூலை 14 என்ற இரண்டு தேதிகளும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்நிய மண்ணில் வாழ்ந்தாலும் தங்கள் தேசத்தின் பெயரால் கூடி ஒரு காரியம் செய்ய வேண்டும் என்ற ஆவல் அவர்களுடைய வழிவந்தோரிடம் இன்றும் தணியாமல் இருக்கிறது என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு, 2024-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் அந்த ஊருக்குச் சென்றிருந்தபோது எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். வெளிதேசங்களில் வாழும் அமெரிக்கர்கள் மொத்தம் 90 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அந்நாட்டு வெளிவிவகார இலாகா ஒரு காலத்தில் மதிப்பிட்டது. தேர்தல் உதவிக்கென்று உள்ள அரசாங்கக் காரியாலயமோ மிகக் குறைத்து, ஓட்டுரிமைக்குரிய வயது வந்தவர்கள் சுமார் 28 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறது. இவர்களுக்கென்று தூதரகத்தில் ஓட்டுச்சாவடி கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் வெளிநாடுவாழ் பிரஜைகளுக்காகத் தங்கள் தேசிய சபையில் 11 ஸ்தானங்களை ஒதுக்கி, அவர்கள் வாழும் நாட்டிலேயே ஓட்டளிக்க வழி செய்திருக்கிறார்கள். நம் தேசத்திலே, 2010-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின் பயனாக, அயல்நாட்டிலுள்ள இந்தியப் பிரஜை சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்; ஓட்டளிக்க நேரில் வந்துதான் ஆகவேண்டும். அமெரிக்கர்களின் ஏற்பாடு இவ்விரண்டிலும் சேராதது. அந்நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் கடைசியாக எந்த வீட்டில் குடியிருந்தாரோ, அந்த வீட்டு விலாசம்தான் ஒருவருடைய ஓட்டின் இருப்பிடம். அந்த வீடு கைமாறியிருக்கலாம். இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கடை எழும்பியிருக்கலாம். புறப்பட்டு நாற்பது வருஷம் சென்றிருக்கலாம். எந்தத் தேசாந்தரம் போய்க் குடியேறினாலும் குலதெய்வம் பூர்விகக் கிராமத்திலேயே இருப்பதைப் போல, அவர்களுடைய ஓட்டும் விட்டு வந்த விலாசத்திலேயே இருக்கிறது.

இதனால் விளையும் சிரமம் என்னவென்பதை ஓர் ஆலயத்தின் பின்புறக் கூடத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில்தான் நான் முழுதும் உணர்ந்தேன். ஜனநாயகக் கட்சியின் வெளிநாட்டுக் கிளையாகிய ‘டெமாக்ரட்ஸ் அப்ராட்’ ஸ்தாபனத்தின் தொண்டர்கள் அங்கே நான்கைந்து மேஜைகளைப் போட்டு, மடிக்கணினிகளையும், அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றையும், உறைகளையும் தபால்தலைகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்சிக் கூட்டம் என்றவுடன் ஒலிபெருக்கியும் வாழ்த்தொலியும் நினைவுக்கு வரும் நமக்கு அந்த மௌனமான உழைப்பு புதுமையாக இருக்கும். பிரசங்கம் செய்ய ஒருவரும் எழவில்லை. வருகிறவர்களிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக எந்த ஊரில் இருந்தீர்கள்?” என்பதுதான். எந்தக் கட்சிக்கு ஓட்டளிக்கப் போகிறீர்கள் என்று அந்த மேஜைகளில் யாரையும் வினவ நான் கேட்கவில்லை.

மேஜை ஒன்றின் தலைப்பக்கத்தில் இருந்த அம்மையார் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரரை மணந்து, பேரக் குழந்தைகளையும் பாரிஸிலேயே கண்டவர். வந்தவர்களின் கூட்டம் சற்றுத் தளர்ந்தபோது என்னைப் பக்கத்தில் அமரச் செய்து, தம் வேலையின் நுட்பங்களை ஆசிரியைக்கே உரிய பொறுமையுடன் விளக்கினார். ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதமான விதிகள். ஒவ்வொரு மாநிலத்தினுள்ளும் தேர்தலை நடத்தும் பொறுப்பு கவுண்டி அதிகாரிகளிடமோ நகர அதிகாரிகளிடமோ இருப்பதால், விண்ணப்பம் போய்ச் சேரவேண்டிய காரியாலயங்கள் ஆயிரக்கணக்கானவை. தபால் அட்டை விண்ணப்பம் என்று இன்னும் பழைய பெயராலேயே வழங்கும் படிவத்தை நிரப்பி அனுப்பினால், தேர்தலுக்கு 45 நாளுக்கு முன்பே ஓட்டுச்சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் அதிகாரிகளுக்கு ஆணையிடுகிறது. வேண்டுகிறவர்களுக்கு மின்னஞ்சலிலேயே சீட்டு வந்துவிடும். அதைத் திருப்பி அனுப்புவதில்தான் தொல்லை. சில மாநிலங்கள் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்கின்றன. பென்சில்வேனியா காகிதத்தைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. புளோரிடா தபாலையும், தபால் இல்லையென்றால் ஃபேக்ஸையும் ஏற்கும், மின்னஞ்சலை ஏற்காது. ஃபேக்ஸ் இயந்திரம் மறைந்துவிட்ட இக்காலத்தில் புளோரிடாக்காரர் ஒருவருக்காக அந்தத் தொண்டர்கள் பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன்.

தூதரகத்தில் கொடுத்தால் ராஜதந்திரத் தபால் பையிலே போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆனால் வாரக்கணக்கில் காலம் செல்லும். சீட்டே வந்து சேராதவர்களுக்கு வேறொரு மார்க்கம் உண்டு. வெற்றுச் சீட்டு ஒன்றைத் தாமே அச்சிட்டு, தாம் விரும்பும் அபேட்சகரின் பெயரைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம். பிறகு அசல் சீட்டு வந்து சேர்ந்து அதையும் அனுப்பினால், காலத்தில் கிடைத்த அசலையே எண்ணுவார்கள். இந்த வெற்றுச் சீட்டில் ஒரு வாலிபர் மிகுந்த சிரத்தையுடன் ஓர் எழுத்தும் பிறழாமல் பெயரை எழுதியதையும், அம்மையார் அதை உறையிலிட்டு, தேதியும் கையொப்பமும் சரியாக உள்ளனவா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டதையும் கவனித்தபோது, ஒரு மகத்தான தேசத்தின் ஆட்சி இத்தகைய கைகளின் நிதானத்தையும் நம்பி நடக்கிறது என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

செலவுக்கென்று ஒரு சிறு தொகை கொடுக்க நான் விரும்பியபோது அம்மையார் அன்புடன் மறுத்துவிட்டார். அமெரிக்கப் பிரஜைகளும் அங்கே நிரந்தரவாசம் செய்ய உரிமை பெற்றவர்களும் தவிர வேறு எவரிடமும் தேர்தல் காரியத்துக்குப் பணம் பெறக்கூடாது என்பது சட்டம். ஊதியமின்றி உழைப்பதற்கு அந்நியனுக்குத் தடையில்லை என்று அவர் சொன்னதால், உறைகளை அடுக்கிக் கட்டும் பணியை எடுத்துக்கொண்டேன்.

இந்த உரிமை அவர்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. போர்வீரர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கும் உண்டு. ஆனால் வியாபாரத்தின் பொருட்டோ விவாகத்தின் பொருட்டோ வெளிதேசம் சென்ற சாமானியர்களை, “நீங்கள் இம்மாநிலவாசிகள் அல்லர்” என்று சொல்லிப் பல மாநிலங்கள் ஒதுக்கிவைத்திருந்தன. வரி விஷயத்தில் மட்டும் அந்த ஒதுக்கல் இல்லை. அமெரிக்கப் பிரஜை பூமியில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அமெரிக்க அரசாங்கத்துக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை, மெக்ஸிகோவில் வாழ்ந்த குக் என்பவரின் வழக்கில் 1924-ஆம் வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஓட்டில்லாதவனிடம் வரி வாங்கலாகாது என்ற கோஷத்திலே பிறந்த தேசம், தன் பிரஜைகளையே அந்த ஸ்திதியில் வைத்திருந்தது.

பாரிஸில் வாழ்ந்த ஃபிலிஸ் மிஷோ என்னும் அமெரிக்க மாது, ஐரோப்பியரை மணந்த அமெரிக்க மனைவியருக்கென்று 1961-ல் ஒரு சங்கத்தை நிறுவினார். குழந்தைகளின் பிரஜா உரிமையில் தொடங்கிய அச்சங்கத்தாரின் கவலை விரைவிலேயே ஓட்டுரிமைக்கும் பரவிற்று. 1964-ல் ஜான்சன் போட்டியிட்ட தேர்தலின்போது லண்டனிலும் பாரிஸிலும் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் சிறு குழுக்களாகக் கூடினார்கள். இன்றைய வெளிநாட்டுக் கிளையின் வித்து அதுவே. 1970-களில் இரு கட்சியாரும் பேதம் பாராட்டாமல் சேர்ந்து கிளர்ச்சி செய்தபோது, 1773-ல் போஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய முன்னோரை நினைவூட்டும் வகையில், வெளிநாட்டிலிருந்து சிறு தேயிலைப் பைகளை வாஷிங்டனுக்குத் தபாலில் அனுப்பினார்கள். காங்கிரஸ் சபை 1975-ல் சட்டம் இயற்றியது. 1976 ஜனவரி 2-ஆம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு அதில் கையொப்பமிட்டார். அந்தச் சட்டத்துக்காகக் கடிதங்கள் எழுதிய பெண்களின் உழைப்பு, புகழ்பெற்ற எந்த அரசியல் கிளர்ச்சிக்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாரிஸிலிருந்து கடலடிச் சுரங்க ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்தேன். அங்கே கிராஸ்வனர் சதுக்கத்தில், அமெரிக்காவின் முதல் தூதராக 1785-ல் வந்த ஜான் ஆடம்ஸ் குடியிருந்த வீடு மூலையில் இன்னும் இருக்கிறது. ரூஸ்வெல்ட்டின் சிலையும் அங்கே நிற்கிறது. தூதரகம் மட்டும் 2018-ல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அந்தச் சதுக்கத்துக்கு அருகே ஓர் உணவு விடுதியில், நண்பர் ஒருவரின் மூலம் அறிமுகமான குடியரசுக் கட்சி ஆதரவாளர் ஒருவருடன் நெடுநேரம் சம்பாஷித்தேன்.

குடியரசுக் கட்சியாரின் வெளிநாட்டு அமைப்பு 1978 முதல் ஒரு பெயரிலும், 2013 முதல் ‘ரிபப்ளிகன்ஸ் ஓவர்சீஸ்’ என்ற பெயரிலும் நடந்து வருகிறது. அது கட்சியின் சட்டபூர்வமான அங்கம் அன்று; கட்சி மகாநாட்டில் அதற்கெனப் பிரதிநிதிகளும் இல்லை. ஆயினும் என்னுடன் பேசிய கனவானின் உற்சாகத்துக்கு அதனால் எவ்வகைக் குறைவும் நேர்ந்திருக்கவில்லை. அவர் பேச்சு முழுவதும் வரியைப் பற்றியதாகவே இருந்தது. 2010-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை உலகத்து வங்கிகளெல்லாம் அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கட்டளையிட்டதன் விளைவாக, அமெரிக்கர் என்றாலே கணக்குத் திறக்க வங்கிகள் தயங்கும் நிலை வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து அவர்களுடைய அமைப்பு 2015-ல் வழக்குத் தொடுக்கச் செய்தது; செனட்டர் ராண்ட் பாலும் வாதிகளில் ஒருவர். கீழ்க்கோர்ட்டுகள் தள்ளிய அவ்வழக்கை 2018-ல் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ள மறுத்தது. நியூயார்க்கில் பிறந்த ஒரே காரணத்தால், லண்டனில் தம் வீட்டை விற்றதற்கு அமெரிக்க வரி கட்ட நேர்ந்து, பிறகு அந்தப் பிரஜா உரிமையையே துறந்த போரிஸ் ஜான்சனின் கதையையும் அவர் நினைவூட்டினார். நான் லண்டனில் இருந்த அக்டோபர் மாதத்தில்தான், வெளிநாட்டு அமெரிக்கர்களின் இரட்டை வரியை ஒழிப்பதாக டிரம்ப் வாக்களித்திருந்தார். கனவானின் முகத்தில் அந்த வாக்குறுதி ஏற்படுத்திய மலர்ச்சி வெளிப்படையாகவே தெரிந்தது. வசிக்கும் நாட்டிலேயே வரி என்ற முறை வேண்டும் என்று பாரிஸ் தொண்டர்களும் கேட்டதை நான் அவரிடம் சொன்னேன். இரு கட்சியாரும் ஒரே குறையைச் சொல்லியும் அது தீராமல் நிற்பதற்குக் காரணம், அவர்களுடைய ஓட்டுகள் ஆயிரம் ஊர்களில் சிதறிக் கிடப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். தங்களுக்கென ஒரு தொகுதி இல்லாதவர்களின் குறையைத் தன் குறையாகக் கருத எந்த அங்கத்தினர் முன்வருவார்?

சிதறிக் கிடக்கும் அந்த ஓட்டுகளை ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி ஒன்று ஜனநாயகக் கட்சியில் மட்டும் நடைபெறுகிறது. அக்கட்சி தன் வெளிநாட்டுக் கிளையை ஒரு மாநிலக் கிளைக்குச் சமமாக மதிக்கிறது. ஆகையால் ஜனாதிபதி அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில், தம் சொந்த மாநிலத்தில் பங்கு கொள்ளாத வெளிநாட்டு அங்கத்தினர், உலகம் முழுவதற்குமான ஒரே தேர்தலில் ஓட்டளிக்கலாம். 2008-ல் முதன்முதலாக நடந்த அந்தத் தேர்தலில் ஒபாமா வென்றார். 2016-ல் 34,570 பேர் ஓட்டளித்தார்கள். பெர்னி ஸாண்டர்ஸுக்கு நூற்றுக்கு 69 பங்கு ஓட்டுகளும் 9 பிரதிநிதிகளும், ஹிலாரி கிளின்டனுக்கு 4 பிரதிநிதிகளும் கிடைத்தார்கள்.

லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போனபோது அந்த 2016-ஆம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்றே என் நினைவில் நிறைந்திருந்தது. பெர்னியின் அண்ணன் லாரி ஸாண்டர்ஸ் வெகுகாலமாக ஆக்ஸ்போர்டில் வாழ்ந்து, அங்குள்ள பசுமைக் கட்சியின் சார்பில் கவுன்சிலராகவும் இருந்தவர். பிலடெல்பியாவில் கூடிய கட்சி மகாநாட்டுக்கு வெளிநாட்டுக் கிளையின் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் சென்றார். ஒவ்வொரு மாநிலமாகப் பெயர் சொல்லி ஓட்டைக் கேட்டு வரும் சமயத்தில் வெளிநாட்டுக் கிளையின் முறை வந்தபோது, ஒலிபெருக்கியின் முன் நின்ற அந்த முதியவர், தம் பெற்றோராகிய ஈலை ஸாண்டர்ஸ், டாரதி கிளாஸ்பெர்க் ஸாண்டர்ஸ் இருவரின் பெயர்களையும் சபையின்முன் கொண்டுவந்தார். அவர்களுக்கு வாழ்க்கை எளிதாக இருந்ததில்லை, இளமையிலேயே காலமாகிவிட்டார்கள், ரூஸ்வெல்ட்டின் புதுத் திட்டங்களை அவர்கள் நேசித்தார்கள் என்றெல்லாம் தழுதழுத்த குரலில் கூறி, தம் ஓட்டைத் தம்பிக்கு அளித்தார். தம்பி கண்ணீர் பெருக அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை உலகம் கண்டது. அபேட்சகராக ஹிலாரியே அன்று தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்போர்டில் குடியிருக்கும் ஒருவருக்குத் தம் தாய் தந்தையரின் பெயரை அந்தத் தேசத்தின் மகாசபையிலே உச்சரிக்க ஓர் ஆசனம் இருந்ததே, அதை அமைத்துக்கொடுத்தது 1964-ல் லண்டனிலும் பாரிஸிலும் கூடிய அந்தச் சிறு குழுக்களின் உழைப்பன்றோ!

இத்தனை பிரயத்தனம் செய்தும், ஓட்டளிக்கிறவர்களின் தொகை மிகச் சொற்பம். 2022-ஆம் வருஷத்து நடுக்காலத் தேர்தலில், வெளிநாட்டிலிருந்து ஓட்டளித்தவர்கள் தகுதியுள்ளோரில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. இதற்குச் சோம்பல் ஒரு காரணம். வரி அதிகாரியின் கண்ணில் படுவோமோ என்ற அச்சம் இன்னொன்று. என் ஓர் ஓட்டால் என்ன ஆகும் என்ற எண்ணமே எல்லாவற்றிலும் பெரியது. அந்த எண்ணத்துக்கு மறுப்பாகத் தொண்டர்கள் எடுத்துக் காட்டும் உதாரணம் 2000-ஆம் வருஷத்துப் புளோரிடா. அங்கே ஜனாதிபதித் தேர்தல் முடிந்து வெளிநாட்டுத் தபால் ஓட்டுகளை எண்ணுவதற்கு முன் புஷ்ஷின் முன்னிலை 300 ஓட்டு; அவற்றை எண்ணிய பின் 930; மறுஎண்ணிக்கையின் முடிவில் 537. கப்பல்களிலும் படைத்தளங்களிலும் அயல்நாட்டு வீடுகளிலும் இருந்து வந்த உறைகள் அத்தேர்தலில் எத்துணை மதிப்புடையவையாக இருந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2024-ல் ஜனநாயகக் கட்சித் தலைமை இந்த வேலைக்காகச் சுமார் 3 லட்சம் டாலர் ஒதுக்கியது. கோடி கோடியாகப் பணம் புரளும் அந்நாட்டுத் தேர்தலில் அது மிக அற்பமான தொகை.

பாரிஸ் கூடத்தில் நான் சந்தித்த மாணவி ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாய் மிச்சிகன் மாநிலத்தவர். மகளோ பிரான்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. அத்தகையோர் பெற்றோரின் கடைசி விலாசத்தைக் கொண்டு ஓட்டளிக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன; மிச்சிகனும் வட கரோலினாவும் அப்போது அவற்றுள் சேர்ந்திருந்தன. அந்த அக்டோபர் மாதத்தில் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு இவ்விரு மாநிலங்களிலும் அத்தகைய ஓட்டுகளை எதிர்த்து வழக்காடியது; நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. “என் ஓட்டைக் கோர்ட்டில் விவாதிக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்கு அதன்மேல் பற்று வந்தது” என்றாள் அந்தப் பெண். மிச்சிகனில் தன் தாய் வாழ்ந்த தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும், தான் ஒரு முறையும் காணாத அவற்றை, படிவத்தைப் பாராமலே அவள் சொன்னாள்.

நான் ஊர் திரும்பிய பிறகும் அந்த விவகாரம் ஓயவில்லை. வட கரோலினாவின் உச்ச நீதிமன்ற ஸ்தானம் ஒன்றுக்கு நடந்த தேர்தலில் அலிஸன் ரிக்ஸ் 734 ஓட்டு அதிகம் பெற்றிருக்க, தோற்ற ஜெபர்ஸன் கிரிபின், புகைப்பட அடையாளச் சீட்டு இணைக்காத வெளிநாட்டு ஓட்டுகள் உள்ளிட்ட பல ஆயிரம் ஓட்டுகளை நீக்கவேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். அடையாளச் சீட்டு இணைக்கத் தேவையில்லை என்று தேர்தல் அதிகாரிகளே அந்த வெளிநாட்டு வாக்காளர்களுக்கு முன்னர் அறிவித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்த பின் விதியை மாற்றலாகாது என்று மத்திய அரசு நீதிமன்றத்து நீதிபதி 2025 மே மாதத்தில் தீர்ப்புக் கூறியதும், கிரிபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். தேர்தல் நடந்து ஆறு மாதம் வரை, விதிப்படி நடந்துகொண்ட வாக்காளர்களின் சீட்டுகள் ஐயத்துக்குள்ளாகிக் கிடந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது. எந்தக் கட்சிக்கு அனுகூலமாயினும் இது நியாயமன்று.

பென்சில்வேனியா அம்மையாரிடமிருந்து அதற்கு முன்பே, ஜனவரி மாதத்தில், ஒரு கடிதம் வந்திருந்தது. தாம் உழைத்த கட்சி தோற்றதைப் பற்றி அதில் இரண்டு வரி மட்டும் எழுதியிருந்தார். வெளிநாட்டு வாக்காளர் விண்ணப்பத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தால்தான் சீட்டு தவறாமல் வரும் என்றும், 2026-ல் காங்கிரஸ் சபைக்குத் தேர்தல் வருகிறது என்றும், ஆகையால் மேஜைகளை மறுபடியும் போட்டுவிட்டோம் என்றும், புளோரிடாக்காரர்களுக்காக இம்முறை முன்கூட்டியே ஒரு ஃபேக்ஸ் ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாகவும் எஞ்சிய பக்கங்களில் விரிவாக எழுதியிருந்தார்.